ஒரு வயதுத் தாய்மாமன்

1. ஆபீசில் அழுகை

சாஃப்ட்வேர் தொழிலில் வாடிக்கையாளர் கத்துவது புதிதல்ல. அதற்கெல்லாம் என் தோல் எப்போதோ தடித்துவிட்டது. ஆனால் ஆபீசுக்கு அழுதுகொண்டே வந்தவர் செல்வி ஒருவர்தான்.

திருநகரில் ஒரு பரோட்டா கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். செல்வியைக் கூட்டிவந்தவர் அழைப்பிதழ் அச்சகம் வைத்திருக்கும் சேகர் அண்ணன். அவருக்கு நாங்கள் ஒரு சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருந்தோம். உறவுக்காரர்களின் பெயரையும் முறையையும் ஒருமுறை பதிந்தால் போதும், அவரவர் முறையைச் சொல்லி வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அழைப்பிதழ் போய்விடும்.

செல்வியின் ஒரு வயது மகன் கவினுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலில் காதுகுத்து. அவருடைய அண்ணன் முத்துப்பாண்டிக்குப் போன அழைப்பிதழ் இப்படித் தொடங்கியது: “தங்கள் தாய்மாமன் கவின் அவர்களின் காதணி விழாவுக்கு…”

“மூணு வருசமா அண்ணன் எங்கூடப் பேசுறதில்ல சார். நேர்ல கூப்பிட வாய் வராமத்தான் இதுல அனுப்பச் சொன்னேன். கிண்டல் பண்றேன்னு நெனச்சு வரமாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது. தாய்மாமன் மடி இல்லாம எப்படி சார் காது குத்துறது?”

சேகர் அண்ணன் தன் பங்குக்கு ஆரம்பித்தார். “இம்புட்டு வருசத் தொழில்ல நான் ஒருநாளும் மருமயனை மாமனாக்குனதில்லங்க.”

2. தானே விழுந்த வரி

ஒரு பிள்ளைக்குப் பல தாய்மாமன்கள் இருக்கலாம். ஒரு மாமனுக்குப் பல மருமக்கள் இருக்கலாம். ஆகவே டேட்டாபேஸில் அது மெனி-டு-மெனி. அந்தப் புரோகிராமை எழுதியவன் பெங்களூருக்குப் போய்விட்டான். பிழையை எழுதியவர்கள் எல்லோரும் பெங்களூருக்குத்தான் போகிறார்கள்.

ஆட்கள் டேபிளை அதே டேபிளோடு இணைத்தால், நாம் வேறு மாதிரி சொல்லாதவரை, நாங்கள் பயன்படுத்தும் ஜாங்கோ என்ற கருவி அதை இருபக்க உறவாக எடுத்துக்கொள்ளும். நண்பன் என்றால் சரி. தாய்மாமனுக்கு அது ஆகுமா? கவினுக்கு முத்துப்பாண்டி மாமன் என்று பதிந்ததுமே, முத்துப்பாண்டிக்குக் கவின் மாமன் என்று இன்னொரு வரி தானே விழுந்திருந்தது.

இது ஒருபக்க உறவு என்று ஜாங்கோவுக்குச் சொல்ல symmetrical=False என்று சேர்த்தேன். மாற்றத்தை டேட்டாபேஸில் ஏற்றும் மைக்ரேஷனும் ஓடியது. முடிந்தது கதை என்று அழைப்பிதழை மறுபடி எடுத்துப் பார்த்தால், கவின் இன்னும் மாமனாகவே இருந்தான். நான் செய்த மாற்றம் இனிமேல் பதிவதற்குத்தான் பொருந்தும். பழைய வரிகள் இணைப்பு டேபிளில் அப்படியே கிடந்தன.

வயதில் மூத்தவர் மாமன், மற்ற வரியை அழி என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். சேகர் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கம்மாவோட கடைசித் தம்பி எனக்கு நாலு வயசு எளையவரு. அவரையும் அழிச்சிருவீகளா?”

எரிச்சல்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம். பிறகு வரிகளுக்கு விழுந்திருந்த ஐடி எண்களின் வரிசையைப் பார்த்தேன். ஒவ்வொரு ஜோடியிலும் நாம் பதிந்தது முதலில் விழும், ஜாங்கோ தானாகப் போட்டது அடுத்து விழும். பேக்அப் எடுத்துக்கொண்டு இரண்டாவதை அழிக்க ஆரம்பித்தேன்.

3. போன்

அப்போது செல்வியின் போன் அடித்தது. மூன்று வருடத்தில் அண்ணனிடமிருந்து வந்த முதல் அழைப்பு. திட்டுவதற்குத்தான். பதற்றத்தில் செல்வி ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

“ஏத்தா செல்வி, ஒம் மகன் எனக்கு மாமனா?”

செல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஆமாண்ணே. பெறந்ததுலருந்து மாமன்னு ஒரு ஆளு வந்து எட்டிப் பாக்கல. கம்ப்யூட்டரும் எம்புட்டு நாளுதான் பொறுக்கும்? அந்த வேலையவும் அவங்கிட்டயே குடுத்துருச்சு.”

நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போச்சு என்றுதான் நினைத்தேன்.

“யாரு சாயலு?” என்றது போன்.

“ஒஞ் சாயல்தாண்ணே. அதே முன்கோவம்.”

“சரி சரி, வாரேன்.”

திருத்திய அழைப்பிதழை உடனே அனுப்பினேன். அதை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆளை ஆளோடு இணைக்கும்முன் முறை எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள். புரோகிராமைத் திருத்தினால் பழைய வரிகளையும் போய்ப் பாருங்கள். மற்றதை அண்ணனும் தங்கையும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் கவின் வீறிட்டான். அவனை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த முத்துப்பாண்டி குனிந்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

“அழுகாதீக மாமா. இன்னும் ஒரு காதுதான்.”