தீவுக்குத் திரும்பிப் போனவள்

புனே பேருந்துகளில் அப்போதெல்லாம் எண்களை மராத்தியில்தான் எழுதியிருப்பார்கள். கல்யாணமாகி பிம்ப்ரிக்கு வந்த முதல் வருடம், எங்கள் வீட்டுப் பக்கம் வரும் பேருந்தின் எண்ணை என் கணவர் ஒரு துண்டுத்தாளில் வரைந்து கொடுத்திருந்தார். எழுதிக் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. எனக்கு அது கோலம் மாதிரிதான் இருந்தது. பொங்கலுக்கு மதுரைக்குப் போக முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. அவருக்கு மருந்து ஆலையில் பகல் ஷிப்ட். நானே தனியாகப் புனே ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட் கிடைத்துவிட்டது. திரும்பும்போது தாளில் இருந்த வடிவத்தையும் பேருந்தின் நெற்றியில் இருந்த வடிவத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, இதுதான் என்று ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் ஏதோ கேட்டார். தலையாட்டிவிட்டுக் காசை நீட்டினேன்.

பேருந்து போய்க்கொண்டே இருந்தது. வழியில் ஆற்றுப் பாலத்தைக் காணோம், ஆலைச் சுவர்களைக் காணோம். மடியில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை இருந்தது. அதை விரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல், அழாமல் இருப்பதற்காக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். தலைக்கு மேல் ஒரு போர் விமானம் காது அடைக்கும்படி போயிற்று.

பின்சீட்டில் இருந்த பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள். தோளில் காய்கறிப் பை.

"தமிழா?"

"ஆமா."

"எங்க போகணும்?"

"பிம்ப்ரி."

"இது லோஹேகாவ்ம்மா. பிம்ப்ரி நேர் எதிர்ப் பக்கம்."

அதற்கு மேல் என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. அவள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "சாப்பிட்டுப் போகலாம் வா. நானே கொண்டுபோய் விடறேன்" என்றாள்.

அவளுடைய கணவர் விமானப்படையில் டெக்னீஷியன். இரண்டு அறை கொண்ட குவார்ட்டர்ஸ். ஒரு பையன், முதல் வகுப்பு. கூடத்தில் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயிண்டில் கணவரின் சர்வீஸ் நம்பர். ரசம் சாதம் போட்டுக் கொடுத்துவிட்டு அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே என்ன என்று கேட்டேன். எழுந்து திறந்து காட்டினாள். எல்லாம் தமிழ்ப் புத்தகங்கள். பனிமலையில் வழி தவறியவர்கள், நாடு விட்டு நாடு துரத்தப்பட்டவர்கள், ஆள் இல்லாத தீவில் விளக்கு ஏற்றுகிறவன், காட்டுக்குள் ரோடு போடப் போன கூலிகள். வீடும் குடும்பமுமாக ஒரு கதைகூட இல்லை.

"ஏன் எல்லாமே இப்படி?"

"எங்களுக்குப் போஸ்டிங் வர்ற இடமெல்லாம் இப்படித்தான். இது பரவாயில்ல, காய்கறி கிடைக்குது" என்று சிரித்தாள்.

சொன்னபடியே இரண்டு பேருந்து மாறி, என்னைப் பிம்ப்ரியில் வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். அன்றிலிருந்து நான் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

மாதம் இரண்டு முறையாவது லோஹேகாவ் போவேன். எண்களைப் படிக்கப் பழகிவிட்டேன். போகும்போதெல்லாம் பெட்டியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வருவேன். அந்த நாட்களில் எனக்கும் அந்தக் கதைகள் பிடித்திருந்தன. தக்காளிக்காரியிடம் அரைக்கிலோ என்று சொல்லத் தெரியாமல் கையைக் காட்டி நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, நடுக்கடலில் பாஷை தெரியாதவர்களோடு மாட்டிக்கொண்டவனைப் பற்றிப் படித்தால், என்னைப்போல் இன்னொருத்தர் இருக்கிறார் என்று இருக்கும்.

இரண்டாவது வருடக் குளிர்காலத்தில் ஒரு புத்தகத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள். அட்டையும் முதல் சில பக்கங்களும் போயிருந்தன. பெயரும் தெரியாது, எழுதியவர் யார் என்றும் தெரியாது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் கப்பலைப் பற்றிய நாவல். பாதியில், ஒரு பக்கத்தில், பழைய ரயில் டிக்கெட் ஒன்றைச் செருகியிருந்தாள்.

"நான் அதுவரைக்கும்தான் படிச்சிருக்கேன். மூணு தடவை ஆரம்பிச்சு மூணு தடவையும் அங்கேயே மூடிட்டேன். நீ முழுசும் படி. ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குச் சொல்லு."

"என்னக்கா?"

"படிச்சா உனக்கே தெரியும்."

தெரிந்தது. கப்பலில் காய்ச்சல் பரவுகிறது. கரைக்கு விடாமல் ஒரு சின்னத் தீவில் எல்லோரையும் இறக்கி வைக்கிறார்கள். அங்கே ஒருத்தியின் கைக்குழந்தை இறந்துபோகிறது. மணலில் புதைக்கிறார்கள். ஒன்பதாம் நாள் கப்பல் கிளம்புகிறது. அவள் கப்பலில் ஏறமாட்டேன் என்கிறாள். இரண்டு பேர் தூக்கி ஏற்றுகிறார்கள். டிக்கெட் இருந்தது அந்தப் பக்கத்தில்தான்.

மீதியை நான் இரண்டு நாளில் படித்து முடித்தேன். தோட்டம், கங்காணி, சவுக்கு, ஒரு வேலைநிறுத்தம், ஒரு காதல். அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒரே ஒரு இடத்தில் வருகிறாள். வரிசையில் நின்று கரும்பு வெட்டுகிற கிழவிகளில் ஒருத்தியாக, பாதி வாக்கியத்தில். தீவைப் பற்றிப் பேச்சே இல்லை. எழுதியவர் அவளை மறந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நூறு பேரைக் கப்பலில் ஏற்றுகிறவருக்கு ஒருத்தி எங்கே நினைவிருக்கும்.

அடுத்த வாரம் புத்தகத்தோடு போனேன். அக்கா பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன். நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

"என் பையனுக்கு முன்னால எனக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. உனக்குச் சொன்னதில்ல."

ராஜஸ்தான் எல்லையில், பாலைவனத்தில், ஒரு சின்ன முகாமில் இருந்தார்களாம். ஏழாம் மாதமே வலி வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி ஆறு மணி நேரத் தூரத்தில். ஊர்ப் பெண் ஒருத்திதான் பிரசவம் பார்த்தாள். குழந்தை இரண்டு நாள் இருந்தது. குவார்ட்டர்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம் புதைத்தார்கள். மூன்று மாதத்தில் மாற்றல் உத்தரவு வந்தது.

"லாரியில சாமான் ஏத்தினாங்க. கேஸ் சிலிண்டரை மறக்காம ஏத்தினோம். தொட்டிச் செடியைக்கூட ஏத்தினோம்." உரித்த பட்டாணியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். "அப்புறம் அந்த ஊரைப் பத்தி யாராவது எழுதியிருப்பாங்களான்னுதான் இந்தப் புஸ்தகமெல்லாம் வாங்க ஆரம்பிச்சேன். ஒருத்தரும் எழுதல."

பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அவ அந்தத் தீவுக்குத் திரும்பிப் போறாளா?"

உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"போறாக்கா."

"எப்ப?"

"வயசானப்புறம். ஒரு மீன்காரரோட படகுல."

"இடம் தெரிஞ்சுதா அவளுக்கு?"

"தெரிஞ்சுது. பக்கத்துல ஒரு பாறை இருந்துச்சு. அதை வெச்சுக் கண்டுபிடிச்சிடறா."

"அழறாளா?"

"இல்ல. ரொம்ப நேரம் உக்காந்திருக்கா."

ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. மீன்காரருக்கு ஒரு வெள்ளைத் தாடிகூட வைத்தேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். புத்தகத்தை வாங்கிப் பெட்டிக்குள் அடியில் வைத்துவிட்டு, பட்டாணியை அலம்பப் போனாள்.

பத்து நாள் கழித்துப் போனபோது, "நாங்க அங்க போறோம். அவருக்கு லீவு கிடைச்சிருக்கு" என்றாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் பொய் சொன்னதை நம்பி அவ்வளவு தூரம் போறாங்க. அங்க ஒண்ணுமே இல்லைன்னா என்னங்க பண்ணுவாங்க?"

அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னார்: "கதைக்காகவா போறாங்க? போகணும்னு இருந்திருக்கு. யாராவது ஒருத்தர் 'போ'ன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு."

அது என்னைச் சமாதானப்படுத்தத்தான். அவர்கள் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்பி வந்த அக்கா கறுத்திருந்தாள், உதடு வெடித்திருந்தது. முகாம் இப்போது பெரிதாகிவிட்டதாம். வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸே இல்லை. பிரசவம் பார்த்த பெண்ணை ஊருக்குள் போய்த் தேடினார்கள். அவள் உயிரோடு இருந்தாள். அவளுக்கு முதலில் அக்காவை அடையாளம் தெரியவில்லை. அக்கா தன்னுடைய அரைகுறை மார்வாடியில் இரண்டு வார்த்தை பேசியதும், குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. முள்ளுச் செடியா இருந்துச்சு. இங்கேருந்து இங்கேன்னு கையைக் காட்டினா. இந்தக் கூடம் அளவுக்கு இருக்கும். அதுக்குள்ள எங்கேன்னு அவளுக்கும் தெரியல."

"அப்புறம்?"

"கூடம் அளவுதானே. போதும்னு ஆயிடுச்சு. ஒரு பாட்டில் தண்ணி இருந்துச்சு, ஊத்தினேன். மணல் ஒரே நிமிஷத்துல குடிச்சிடுச்சு. இன்னும் கொஞ்சம் கொண்டுபோயிருக்கலாம்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது துக்கமா, நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு நிறையச் சாப்பிட்டாள். என்னையும் சாப்பிட வைத்தாள். இப்போதே சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் அக்கா நின்றாள். சொல்லாமல் கொள்ளாமல் அவள் வந்ததில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்று கேட்டாள்.

"புஸ்தகத்தை முழுசும் படிச்சுட்டேன். அவ போகவே இல்லையே."

"இல்லக்கா."

"படகு?"

"நான் சொன்னதுதான்."

"மீன்காரர்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னைச் சின்னக் குழந்தைன்னு நினைச்சியா?"

"உங்க முகத்தைப் பார்த்து என்னால சொல்ல முடியலக்கா."

"நான் பார்த்துப்பேன் என் முகத்தை." குரல் உயரவில்லை. "அவளுக்கு இடம் கிடைச்சுதேன்னுதான் நான் போனேன். எனக்குப் பாறையெல்லாம் கிடைக்கலையேன்னு அங்க உக்காந்து நினைச்சேன் தெரியுமா? இல்லாத ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். நான் பேருந்து நிறுத்தம்வரை பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.

இரண்டு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. புனேவுக்கு வந்த புதிதில் இருந்ததைவிட அந்த இரண்டு மாதங்களில்தான் எனக்குத் திக்குத் தெரியவில்லை. முன்பு பாஷை தெரியாமல் நின்றேன். இப்போது தெரிந்த பாஷையில் பேச ஆளில்லை. ஹோலி முடிந்த வாரம், வருவது வரட்டும் என்று கிளம்பினேன். அக்கா கதவைத் திறந்து, வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"உள்ள வா."

டீ போட்டாள். ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"கோபம் போகல" என்றாள். "ஆனா நீ உண்மையைச் சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன். அதுவும் தெரியுது. ரெண்டையும் எங்க வைக்கிறதுன்னுதான் தெரியல."

"ரெண்டையும் வெச்சுக்கங்கக்கா. நான் வந்துட்டுப் போயிட்டு இருக்கேன்."

அப்படித்தான் இருந்தோம். பழைய மாதிரி ஆக ஒரு வருடம் பிடித்தது. ஒருநாள் அவளே அந்த நாவலைப் பற்றிப் பேச்செடுத்து, "எழுதினவருக்கு ஒரு பத்துப் பக்கம் எழுதச் சோம்பேறித்தனம்" என்றாள். முதல் முறையாக அதைப் பற்றி இரண்டு பேரும் சிரித்தோம்.

இரண்டாயிரத்தில் அவர்களுக்கு மாற்றல் வந்தது, அஸ்ஸாமுக்கு. சாமான் கட்டுவதற்கு நானும் என் கணவரும் போனோம். அக்கா உள்ளே பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். புத்தகப் பெட்டியை அவள் கணவரும் என் கணவருமாகத் தூக்கி லாரியில் வைத்தார்கள். அக்காவின் கணவர் அதிகம் பேசாதவர். அத்தனை வருடத்தில் என்னிடம் வாங்க, சாப்பிடுங்க தவிர எதுவும் பேசியதில்லை. பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"அவ ராஜஸ்தானுக்குப் போகணும்னு கேட்டப்ப ரெண்டு நாள் நான் பதிலே சொல்லலம்மா. அவளுக்காகத் தயங்கறேன்னு நினைச்சிருப்பா. எனக்குத்தான் பயம்."

மிஞ்சிய கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே மேலே சொன்னார்.

"குழி தோண்டினது நான்தான். எந்த இடம்னு எனக்குக்கூட மறந்துபோயிருந்துச்சு. அதை எப்படி அவகிட்ட சொல்றதுன்னு எட்டு வருஷமா அந்த ஊர்ப் பேரையே எடுக்காம இருந்தேன். பிரசவம் பார்த்த அந்தம்மா கையைக் காட்டினப்போ, அவங்களுக்கும் சரியா தெரியலைங்கவும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

உள்ளேயிருந்து அக்கா அவரைக் கூப்பிட்டாள், கேஸ் சிலிண்டரை யார் எடுத்து வைப்பது என்று. அவர் போனார். நான் பாத்திரங்களைச் சுற்ற அவளுக்கு உதவப் போனேன்.