திரையைச் சுற்றிவிட்ட மதியம்

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், தன் மடிக்கணினித் திரையில் ஒரு ஜன்னலைப் பிடித்து இழுத்தாள். அது ஈரத்துணி மாதிரி நெளிந்துகொண்டே ஓரத்துக்குப் போனது. "லினக்ஸ் சார், எஃபெக்ட் போட்டிருக்கேன்" என்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்க எழுந்துபோனேன். ஏன் போனேன் என்பதை அவளிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. எந்நேரமும் லேமினேஷன் மெஷினில் பிளாஸ்டிக் சூடாகும் வாடை. சாதிச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் வெதுவெதுப்பாக வெளியே வரும். கையில் வாங்கியவர்கள் ஊதி ஊதி ஆற்றுவார்கள், ஏதோ தின்பண்டம் போல. இன்றும் அந்த வாடை எங்காவது அடித்தால் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது. அந்தக் கடையில் எல்லாரும் என்னை 'சார்' என்பார்கள். அந்த வயதில் அது லேசான போதை இல்லை.

வைரஸ் தொல்லை தாங்காமல் ஓரத்துக் கணினியில் நான்தான் லினக்ஸ் போட்டேன். போட்டவன் சும்மா இருந்தேனா? திரையைப் பெட்டிபோலச் சுழல வைக்கும் வித்தை ஒன்று இருந்தது. நான்கு திரைகள், பெட்டியின் நான்கு பக்கங்கள். இரண்டு பொத்தான்களை அமுக்கிக்கொண்டு மவுஸை இழுத்தால் பெட்டி சுற்றும், வேறொரு பக்கம் முன்னால் வந்து நிற்கும். அதற்கான கட்டளைகளை நோட்டில் எழுதிவைத்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். மூன்று தடவை திரை கறுத்துப்போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. மூன்று நாள் இந்தக் கூத்து. அதே கணினியில் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்பது தெரியும். அதைச் சரிசெய்ய அரைநாள் போதும். அந்த அரைநாள்தான் எனக்குக் கிடைக்கவில்லை.

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து சத்யா அவள் அப்பாவோடு வந்தது நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பம் போட. அன்று சாயங்காலம் ஐந்து மணியோடு கடைசி. மற்ற கணினிகளில் ஆள் இருந்ததால் என் ஓரத்துக் கணினிக்கே அழைத்தேன். அதில் வித்தையைக் காட்டும் ஆசையும் கொஞ்சம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். பொறுமையாக எல்லாவற்றையும் நிரப்பினோம். கல்வராயன் மலைமேலிருக்கும் அந்த ஊரிலிருந்து இறங்கி வந்து ப்ளஸ் டூ முடித்த பெண். மார்க் என் மார்க்கைவிட ஜாஸ்தி. 'சமர்ப்பி' பொத்தானை அமுக்கினேன். அடுத்த பக்கம் திறக்க எப்போதும் ஒரு நிமிஷம் ஆகும்.

அந்த ஒரு நிமிஷம் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. திரையைச் சுற்றிவிட்டேன்.

"இன்னா சார் இது, ராட்டினம் மாதிரி சுத்துது?" என்று அவள் அப்பா சிரித்தார். இன்னொரு தரம் சுற்றச் சொன்னார். சுற்றினேன். சத்யா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். வெளியே மலை பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் அவர்களுக்கு ராத்திரிவரை வண்டி கிடையாது. அவர் பையை எடுத்துக்கொண்டு, முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது, பிரிண்ட் அடுத்த முறை வரும்போது தருகிறேன் என்றேன். என் முன்னால் அப்போது நின்றது பெட்டியின் வேறு பக்கம்.

ஏழு மணிக்குக் கணினியை அணைக்கும் முன் வழக்கம்போல ஒரு சுற்று சுற்றினேன். பின்பக்கம் வந்தது. 'விவரங்களை உறுதி செய்கிறீர்களா?' என்று சத்யாவின் விண்ணப்பம் மதியத்திலிருந்து அங்கேயே காத்திருந்தது. 'ஆம்' அமுக்கினேன். காலம் முடிந்துவிட்டது என்று வந்தது. மறுபடியும் மறுபடியும் அமுக்கினேன்.

ஒரு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். கூடப் படித்தவளுக்குக் கடிதம் வந்துவிட்டது, தனக்கு ஏன் வரவில்லை என்று சத்யா கேட்டாள். சர்வர் கோளாறு, நிறையப் பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது என்றேன். பொய் எவ்வளவு சரளமாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவள் அந்தக் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாதான் பேசினார்.

"வுடுங்க சார். நீங்க இன்னா பண்ணுவீங்க. எங்க மலைக்கு எதுவும் ஒழுங்கா வந்து சேராது."

கொண்டுவந்திருந்த சாமை அரிசிப் பையை மேசைமேல் வைத்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கே அந்த வித்தையை எல்லாம் கழற்றி எறிந்தேன். அதனால் யாருக்கு என்ன லாபம்? பின்னால் கடையை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். விண்ணப்பமெல்லாம் அவரவர் கைபேசியிலேயே ஆகிவிடுகிறது.

போன தை மாதம் ஒரு துணிச்சலில் வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தால், கதவில் பூட்டு. எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்தார். படிப்பு கிடைக்காமல் போன மறுவருஷமே சத்யாவுக்குக் கல்யாணம். புருஷனோடு குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவள், பொங்கலுக்குக்கூட வருவதில்லை. அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறதாம். நான் யார் என்று கேட்டார். கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் கடையில் இருந்தவன் என்றேன்.

"நீங்கதானா அது? அவரு சாவுற வரிக்கும் சொல்லிக்கினே இருந்தாருங்க. கீழ ஒரு புள்ள நம்ம பொண்ணுக்காக ரொம்ப பாடுபட்டுச்சுன்னு."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கட்டிக்கொண்டு போன வாக்கியத்தில் ஒரு வார்த்தைகூட அவரிடம் சொல்லவில்லை. சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே கீழே இறங்கிவிட்டேன்.