சொட்டு மேடத்தின் பின்சக்கரம்

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை காலை, ரயில் மேடையில் மற்றவர்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, சொட்டு மேடம் மகளின் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஒழுங்காகச் சுழன்றன. நான்காவது இரண்டே சுற்றில் நின்றது. கட்டுப் போட்ட இடக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலக்கையால் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, அச்சில் சுற்றியிருந்த முடியை நெம்பி எடுத்தார்.

“அம்மா, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். அவங்க பெட்டியிலயும் முடி இருக்கும்.”

வண்டி நகரும் முன் மகள் ஒரு நிபந்தனை போட்டாள். “இன்னொரு தடவை அந்தப் பின்சக்கரம் உனக்கு வேலை வச்சுதுன்னா, சைக்கிளை வித்துடணும். ஒழுங்கா அப்பா பஸ்ல போகணும். சரியா?”

“சரி” என்றார். சொட்டு மேடம் ஒரு முறை சரி என்றால் அது சரிதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

குடிநீர்ச் சோதனைக் கூடத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தண்ணீரின் நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் சட்டென்று நிறுத்த வேண்டும். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டு கூடிவிட்டால், அறையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும், முழுவதையும் கீழே கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். வீட்டிலும் இதே கதைதான். கணவரின் சட்டையை இஸ்திரிப் பெட்டி பொசுக்கிவிட்டால், மடித்து அடியில் ஒளிக்கத் தெரியாது. அவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே கொண்டுபோய் ஓட்டையை விரித்துக் காட்டுவார். பக்கத்து வீட்டுப் பெண் புதுத் திரைச்சீலையைக் காட்டி “எப்படி இருக்கு அக்கா?” என்று கேட்டது ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு கேட்பதில்லை.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். “தினம் ஆயிரம் பேரை ஏத்தி இறக்கறேன், கட்டினவளை ஒரு நாள் ஏத்த முடியலையே” என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல். சில காலைகளில் பாலத்தருகே பேருந்தும் சைக்கிளும் சந்தித்துக்கொள்ளும். அவர் ஹாரன் அடிப்பார். அம்மையார் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பார்க்க முடியாது என்பதும் உண்மை.

ஏனென்றால் அது ஃபிக்ஸட் கியர் சைக்கிள். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டேயிருக்கும். இறக்கத்தில்கூடக் காலை ஓய்வாக வைக்க வழியில்லை. முன்னால் ஒரே ஒரு பிரேக். மற்றபடி வேகம் குறைய வேண்டுமென்றால் பெடலைப் பின்னோக்கி அழுத்த வேண்டும். நாற்பத்தேழு வயதில் எதற்கு இந்த வம்பு என்று கேட்பவர்களுக்கு அவரிடம் தயாராக ஒரு பதில் உண்டு: “இதுல கெட்டுப்போறதுக்குச் சாமானே கம்மி. சும்மா உருண்டு போறதுல என்ன இருக்கு? கால் சொல்லணும், சக்கரம் கேக்கணும்.”

பதினொரு கிலோமீட்டர். கடைசியில் சோதனைக் கூடத்தின் வாசல்வரை நீளும் ஓர் இறக்கம். மகள் கிளம்புவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, அந்த இறக்கத்துக்குச் சற்று முன்னால்தான் பின்சக்கரத்தின் கம்பிகள் மூன்று அடுத்தடுத்து அறுந்தன. சக்கரம் எட்டுப் போல வளைந்தது. மேடம் விழுந்தார். முழங்கை பிசகியது. அன்றிரவே வீட்டுக் குறிப்பேட்டில் எழுதினார்: ‘காரணம்: சக்கரத்தின் கோட்டத்தை நான் கவனிக்காதது.’ பக்கத்திலிருந்த மகள் அதைப் படித்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

கை சரியானதும் சக்கரம் தேடும் படலம் தொடங்கியது. சம்பளத்தில் கால்வாசிக்கு மேல் போகக் கூடாது என்பது முடிவு. கடைக்காரருக்குத் தாடி, அதைத் தடவிக்கொண்டே பேசுவார்.

“இது பாருங்க மேடம். உயரமான ரிம், கருப்புல. இருபதே கம்பி. காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகும்.”

“நான் ஏன் காத்தைக் கிழிக்கணும்? ஆபீஸ் ஒம்பதரைக்குத்தான் திறக்கும்.”

“பாக்க ஒரு கெத்து இருக்குல்ல?”

“ஓட்டறப்போ அது எனக்குப் பின்னாடி இருக்கும் தம்பி. பாக்கறது யாரு?”

சக்கரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டிரண்டு கம்பிகளாகச் சேர்த்துப் பிடித்து அழுத்தினார். ரிம்மின் இணைப்பில் நகத்தை ஓட்டினார். அச்சைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். “மணல் அரையுது” என்று திருப்பிக் கொடுத்தார். இப்படி ஏழு சக்கரங்கள். கடைக்காரர் தாடியைத் தடவுவதை விட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

கடைசியில் மலிவாகக் கிடைத்தது வேறிடத்தில், பழைய சாமான் சந்தையில். முப்பத்தாறு கம்பி, இரட்டைச் சுவர் ரிம், பட்டுப் போலச் சுழலும் அச்சு. மேடம் வைத்த எல்லாச் சோதனையிலும் தேறியது. பழைய பல்சக்கரத்தைக் கழற்றி, சமையலறைத் தரையில் உட்கார்ந்து தானே முறுக்கினார். வெண்ணெயாக ஏறியது. அதன்மேல் போட வேண்டிய பூட்டு வளையம் மட்டும் பிடிக்கவில்லை. ‘பல்லே இவ்வளவு இறுகிடுச்சு, வளையம் எதுக்கு?’ என்று அதை ஒரு டப்பாவில் போட்டார். சக்கரத்தின் நடுக்குடம், அதாவது ஹப், சாதாரண சைக்கிளுக்கானது. முன்னோக்கி மிதித்தால் பல் இறுகும்; பின்னோக்கி அழுத்தினால் கழலும். கழலாமல் பிடித்துக்கொள்வதற்கென்றே எதிர்ப்பக்கம் முறுக்கும் அந்த வளையம். அதற்கு வேண்டிய மரை இந்த ஹப்பில் கிடையாது. சோதிக்கிறவருக்குச் சோதிக்கத் தோன்றாமல் போன ஒரே இடம்.

மூன்றாம் நாள் இறக்கத்தில் பெடலைப் பின்னால் அழுத்தினார். கால் சொன்னது, சக்கரம் கேட்கவில்லை. பெடல் தன் பாட்டுக்குப் பின்னால் சுற்றியது. முன் பிரேக்கை ஒட்டப் பிடித்து, டயர் தேயத் தேய, சோதனைக் கூடத்தின் இரும்புக் கதவை முன்சக்கரம் ‘ணங்’கென்று தொட்ட இடத்தில் வண்டி நின்றது. காவலாளி எழுந்து சல்யூட் வைத்தார். பயத்தில் கை அதுவாகப் போய்விட்டது என்று பிறகு சொன்னார்.

விழவில்லை. கீறல் இல்லை. பார்த்தது காவலாளி ஒருவர்தான். “வெளிய சொல்ல மாட்டேன் மேடம்” என்று அவரே வாக்குக் கொடுத்தார். மதிய இடைவேளையில் மேடம் மகளை அழைத்தார்.

“சக்கரம் வேலை வச்சிடுச்சு.”

“ஐயோ, விழுந்தியா?”

“விழல. ஆனா தப்பு என்னோடது. தப்பான ஹப் வாங்கிட்டேன், வளையத்தையும் போடாம ஓட்டினேன். நீ சொன்ன நிபந்தனை இதுக்குச் செல்லுமா செல்லாதா, நீயே சொல்லு. வித்துடுன்னா இன்னிக்கே வித்துடறேன்.”

மறுமுனையில் மகள் “அம்மா, வந்து...” என்று இரண்டு தடவை தொடங்கி நிறுத்தினாள். கணவர் இதைக் கேட்டிருந்தால், சைக்கிள் ஒழிந்தது என்று இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கும்பிட்டிருப்பார். நல்லவேளை, அவர் பாலத்தைத் தாண்டி எங்கோ ஓட்டிக்கொண்டிருந்தார்.

“விக்க வேணாம்மா” என்றாள் மகள். “வேற சக்கரம் பாரு.”

“ஏன்? நிபந்தனை நிபந்தனைதானே?”

“பாருன்னா பாரேம்மா.”

அன்று மாலையே தாடிக்காரர் கடை. மேடம் உள்ளே நுழைந்ததும் ஹப்பைத்தான் முதலில் கேட்டார்: இரண்டு மரை, ஒன்றுக்கொன்று எதிராக, கண்ணுக்குத் தெரிய வேண்டும். முப்பத்திரண்டு கம்பி, வெள்ளி நிறத்தில் பகட்டில்லாத ரிம், கொஞ்சம் அகலமான டயர் பிடிக்கும் அளவு. கடைக்காரரையே வளையத்தை முறுக்கச் சொல்லி, பிறகு தானே ஒரு முறை கழற்றி முறுக்கினார். “இதுக்கு மேல கொடுத்தா வீண். இதுக்குக் கீழ கொடுத்தா ஆஸ்பத்திரி” என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அந்த வாக்கியத்தைக் கடைக்காரர் இப்போது தன்னுடையதாகவே வாடிக்கையாளர்களிடம் சொல்லி வருகிறார்.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அந்தச் சக்கரத்துக்கு ஒரு முறைகூடக் கோட்டம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது அலைபேசி துடித்தது. மகளிடமிருந்து நீளமான செய்தி.

‘அம்மா, இதை அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ விழறதுக்கு முந்தின நாள் உன் சைக்கிளை நான்தான் கேக்காம எடுத்துட்டுப் போனேன். நடைபாதை மேலேருந்து கீழ குதிச்சேன், ரெண்டு தடவை. சக்கரம் அப்பவே ஆடுச்சு. துடைச்சு வச்சுட்டுப் பேசாம இருந்துட்டேன். நீ நோட்டுல உன் பேர்ல எழுதினதையும் பாத்தேன். பயமா இருந்துச்சு. நீ அன்னிக்கு போன் பண்ணி உன் தப்பைச் சொன்னப்போ என்னால பேசவே முடியல.’

மேடம் ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

“யாரு, பொண்ணா?” என்றார் கணவர், பட்டாணியிலிருந்து தலையைத் தூக்காமல். “என்னவாம்?”

“ஒண்ணுமில்ல. அங்க நல்ல மழையாம்” என்றார் சொட்டு மேடம். அலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த பட்டாணியை எடுத்து உரித்தார்.