மாத்திரையை நிறுத்திய சாலட்

என் கணவரின் தம்பி கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறார். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஆதிமனிதன் சாப்பாடு என்று ஒன்றை இணையத்தில் கற்றுக்கொடுக்கிறார். பேலியோவாம். அரிசி, பருப்பு, பால், சீனி எதுவும் ஆகாது. ஒரு முட்டையை ஒழுங்காக வேகவைக்கத் தெரியாத மனிதர். வீடியோ எடுக்க எங்கள் சமையலறைதான் வெளிச்சமாக இருக்கிறது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்தைக் கடந்து வந்து அடுப்புக்கு எதிரே கைப்பேசியை நிறுத்தினார்.

"நீங்க செய்ங்க அண்ணி, நான் பேசுறேன்."

பாசாருக்குப் போய்க் கோழி வாங்கி வந்ததும் நான்தான். நெஞ்சுக்கறியை உப்பு, மிளகு போட்டு வேகவைத்து, ஆறியதும் நார் நாராகப் பிய்த்தேன். வெள்ளரிக்காயும் தக்காளியும் நறுக்கினேன். கடை மயோனீஸ் கூடாது என்றதால், மஞ்சள் கருவில் ஆலிவ் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தேன்.

"சீக்கிரம் லா அண்ணி, பேட்டரி கம்மியா இருக்கு."

அந்த அவசரத்தில் எண்ணெய் மொத்தமாக விழுந்து, மயோனீஸ் திரிந்துபோனது. அதை ஒதுக்கிவிட்டு இன்னொரு முட்டையை உடைத்தேன். அவர் ஆதிமனிதனின் கட்டுடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பொத்தானோ தொப்பையில் தெறிக்கக் காத்திருந்தது.

பிறகு என் கணவரைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"எங்க அண்ணனுக்குப் பத்து வருஷமா சுகர். இப்படிச் சாப்பிட்டு, மாத்திரைய விட்டு மூணு வாரம் ஆச்சு."

ஆள் சேர்க்கப் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். தினமும் மாத்திரையை எடுத்து வைப்பவள் நான். ஆனால் என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்திட்டீங்களா?"

"தம்பி சொன்னான். சிங்க்ல போட்டுருவேன்."

கையைக் கழுவிவிட்டு, சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து வந்து அங்கேயே அவர் விரலில் குத்தினேன். பதினேழு காட்டியது. பத்தைத் தாண்டக் கூடாது.

"பாருங்க தம்பி."

"உடம்பு கழிவ வெளியேத்துது அண்ணி. ஏறித்தான் இறங்கும்."

"டாக்டருக்கு எங்க படிச்சீங்க?"

அவர் கைப்பேசியை அணைத்தார். கோபித்துக்கொண்டு போவார் என்று எதிர்பார்த்தேன். அந்த ரோஷம்கூட இல்லை.

"சாலட்ட கொஞ்சம் தாபாவ் பண்ணித் தாங்க அண்ணி, வழியில சாப்பிட்டுக்கிறேன்."

திரிந்துபோன மயோனீஸைக் கலந்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் கிளினிக்கில் டாக்டர் என் கணவரைக் கடிந்துகொண்டார். துறைமுகத்தில் இருபது பேரை அதட்டி வேலை வாங்கியவர், அங்கேயும் "தம்பி சொன்னான்" என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போது என் எதிரில் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழ வேண்டும்.

சாலட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பச்சைமிளகாயும் எலுமிச்சையும் சேர்த்தால் மதியத்துக்கு நன்றாகவே இருக்கிறது. பக்கத்தில் இரண்டு கரண்டி சோறும் வைக்கிறேன்.

அந்த வாரமே வீடியோ வந்தது. என் கைகள் மட்டும் தெரிந்தன. மூன்று வாரக் கதை அப்படியே இருந்தது. கீழே நான் பதினேழைப் பற்றி எழுதினேன். ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டார். மறுபடியும் எழுதினேன்.