காணிப்பாக்கத்தில் ஒரு டீசல் சத்தியம்

புத்தலப்பட்டு முனிரத்தினம் வீட்டுக்குப் பசி என்று போனால் சோறு கிடைக்கும். வண்டி வழியில் நின்றுவிட்டது, அரை லிட்டர் டீசல் கொடு என்று போனால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். அப்படி ஒரு பிறவி. அவனிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. மாங்காய்க் காலத்தில் மொகிலி மலைக்கு அந்தப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து பங்காருபாளையம் மண்டிக்கும், மண்டியிலிருந்து திருப்பதிக்கும் அதுதான் ஓடியது. அந்தக் கிழட்டு வண்டியில் புது வண்டியின் மைலேஜ் எடுத்துக் காட்டுவதை அவன் ஒரு விரதம்போல் செய்துவந்தான். பாரம் குறையட்டும் என்று மேலே இருந்த இரும்பு கேரியரைக் கழற்றிப் போட்டான். பல் விளக்குவதற்கு முன்னால் டயரில் காற்று பார்ப்பான். ஊருக்கு முன்னால் ஒரு நீள இறக்கம் உண்டு. அங்கே நியூட்ரலில் விட்டால் வண்டி தானாக உருண்டு டீக்கடை வாசலில் போய் நிற்கும். இதைப் பத்துப் பேரிடம் சொல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

வண்டியை ஓட்டியது அவன் மனைவி ஷோபாவின் தம்பி வேணு. முனிரத்தினம் மண்டியில் நின்று லோடு பேசுவான், வேணு ஏற்றிக்கொண்டு போவான். அதிகம் பேசாத பையன். போனோமா வந்தோமா என்று இருப்பான்.

இந்த சீசனில் வண்டி டீசலைக் குடிக்க ஆரம்பித்தது. போட்ட டீசல் திருப்பதி போய்த் திரும்புவதற்குள் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. பின் சக்கரம் இழுத்துப் பிடிக்கிறது, ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வேணு சொல்லத்தான் செய்தான். ஓட்டத் தெரியாதவன்தான் வண்டியைக் குற்றம் சொல்வான் என்று முனிரத்தினம் அவன் வாயை அடைத்துவிட்டான். அதற்கப்புறம் முனிரத்தினத்தின் சந்தேகம் வேணு பக்கமே போயிற்று. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே என்று நினைத்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒருநாள் சீட்டுக்குப் பின்னால் ஒரு காலி கேன் கண்ணில் பட்டது.

மண்டியில் அத்தனை பேர் பார்க்க அந்தக் கேனைத் தூக்கிக் காட்டி, "எவனுக்குடா ஊத்திக் குடுக்கற?" என்று கேட்டான்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கிற கேன் அது என்றான் வேணு. அப்படியானால் காணிப்பாக்கம் வந்து சொல் என்றான் முனிரத்தினம்.

சித்தூர் பக்கத்தில் பேச்சு காணிப்பாக்கம் வரை போய்விட்டால் அதற்குமேல் பேச்சே கிடையாது. கோனேரு என்கிற கோயில் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று பொய் சொன்னவன் உருப்பட்டதில்லை என்பார்கள். பெரிய பெரிய திருட்டுக்கும் பங்காளிச் சண்டைக்கும் ஆட்கள் அங்கே போவதுண்டு. டீசலுக்காக மச்சானை இழுத்துக்கொண்டு போனவன் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

ஷோபாவும் கூட வந்தாள். படிக்கட்டில் நின்று தம்பி முழுகி எழுந்ததைப் பார்த்தாள். வேணு உள்ளே போய், மாமாவின் வண்டியில் ஒரு சொட்டு டீசல்கூட நான் எடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணினான். வெளியே வந்து, இடுப்பில் செருகியிருந்த வண்டிச் சாவியை எடுத்து நீட்டினான்.

"ஈரமா கீது மாமா, தொடச்சிக்கோ," என்றான். அவ்வளவுதான். பஸ் ஏறிப் போய்விட்டான்.

சத்தியம் பண்ணிவிட்டானே, இனி நம்பலாமே என்றால், அதுவும் இல்லை. நானே ஓட்டிக் காட்டுகிறேன், மைலேஜ் என்றால் என்ன என்று ஊர் பார்க்கட்டும் என்று முனிரத்தினம் ஸ்டியரிங்கைப் பிடித்தான். வண்டி முன்னைப்போலவே குடித்தது. பங்க்கில் அளவு குறைகிறது என்று அங்கே போய்ச் சண்டை போட்டான். அவர்கள் அவன் கண் முன்னாலேயே அளந்து காட்டி அனுப்பிவைத்தார்கள்.

ஒருநாள் திருப்பதியிலிருந்து காலி கிரேட்டுகளோடு வந்தவன், வழக்கமான இறக்கத்தில் நியூட்ரலில் விட்டான். வண்டி கொஞ்ச தூரம் உருண்டது. பாதி இறக்கத்திலேயே நின்றுவிட்டது. டீக்கடை அங்கே கீழே தெரிகிறது, வண்டி நகரவில்லை. இறங்கிப் போய்ப் பின் சக்கரத்து பிரேக் டிரம்மில் கையை வைத்தான். தோசைக்கல்லில் வைத்ததுபோல் உள்ளங்கை பொரிந்துபோயிற்று.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சீசனுக்கு முன்னால், மொகிலி ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று, மெக்கானிக்குக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும் என்று, தானே வண்டிக்கு அடியில் படுத்து அந்தக் கேபிளை இழுத்து முறுக்கியிருந்தான். கொஞ்சம் தளர்ந்தமாதிரி தெரிந்தபோதெல்லாம் மறுபடியும் போய் முறுக்கினான். பின் சக்கரம் இரண்டும் பிரேக் பிடித்தபடியே திருப்பதிக்கும் பங்காருபாளையத்துக்கும் ஓடியிருக்கின்றன. டீசலைத் தின்ற திருடன் அவனேதான்.

வெட்கம் என்றால் சாதாரண வெட்கமா? டீக்கடைக்காரன் கையை ஆட்டிக் கூப்பிட்டபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். கோனேருப் படியில் சொட்டச் சொட்ட நின்ற பையன் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. அந்தச் சக்கரத்துக்கு அடியிலேயே படுத்துவிடலாமா என்று இருந்தது.

ஷோபா கையைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னான். அவள் காயத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். தடவி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"என்கிட்ட எதுக்கு சொல்லிக்கினு கீற? எத்தினி பேர் எதுர்ல அவன திருடன்ன? அங்க போய் சொல்லு."

மறுநாள் மண்டிக்குப் போனான். வேணு இப்போது வேறொருத்தர் வண்டிக்கு டிரைவர். மாங்காய் கிரேட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தான். முனிரத்தினம் அதே இடத்தில், அதே ஆட்கள் நடுவில் நின்று, கேபிளை முறுக்கியது தான்தான், தப்பெல்லாம் தன்னுடையது என்று சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. வியாபாரி ஒருவர் மட்டும் "போனீலே", போகட்டும் விடு, என்று தெலுங்கில் சமாதானம் சொன்னார். வேணு ஏற்றுவதை நிறுத்தவில்லை.

முனிரத்தினம் அவன் பக்கத்தில் போய் நின்றான். "நானும் காணிப்பாக்கம் வரேன்டா மச்சான். முழுகி எழுந்து உன் எதுர்லயே சத்தியம் பண்றேன்," என்றான்.

வேணு கையிலிருந்த கிரேட்டைக் கீழே வைத்தான். கோபம் இல்லை அவன் முகத்தில். கோபம் இருந்திருந்தால் முனிரத்தினம் பிழைத்திருப்பான்.

"நான் செய்யலன்னு சொல்றவன்தான் மாமா அங்க போவான். நீ போய் இன்னான்னு சொல்லுவ?"

வேணு மறுபடியும் கிரேட்டைத் தூக்கினான்.

கேபிளைத் தளர்த்திய பிறகு வண்டி நல்ல மைலேஜ் கொடுக்கிறது. இறக்கத்தில் விட்டால் டீக்கடை வாசல் வரைக்கும் உருண்டு போகிறது. அவன் அதை யாரிடமும் சொல்வதில்லை.