சுவரைத் தட்டிய சத்தம்

கடைத்தெரு முனையில் இருந்த அந்த நாலு மாடிக் கட்டடத்தில் படி கூட்டித் துடைப்பவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷமாகப் பன்னிரண்டு வீடுகளுக்கும் அவள்தான். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை இல்லை என்பது படியில் நிற்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும்.

கட்டடம் முதலாளியின் மருமகன் கைக்கு வந்தது. குடியிருந்தவர்கள் காலி செய்யச் செய்ய, ஒவ்வொரு வீடும் சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகை அறையாக மாறியது. மூன்று வருஷத்தில் மிஞ்சியது ஒரே வீடு, மூன்றாவது மாடியில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற கண்டக்டருடையது. கீழே மளிகைக் கடையும் மருந்துக் கடையும் போய் ஐஸ்கிரீமும் பொம்மையும் வந்தன. பல்பு வாங்கக்கூட பஸ் ஏற வேண்டும். தெருவில் தோள் இடிபடாமல் நடக்க முடியாது. ஆனால் நின்று நாலு வார்த்தை பேச ஆள் கிடையாது. நகரின் நடுப்பகுதி களைகட்டிவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்ததை மருமகன் பெருமையாகப் படித்துக் காட்டினான். அப்போது அவள் படியில் எவனோ எடுத்திருந்த வாந்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை இரண்டு நாள் லீவு போட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு, செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குத் திரும்பினாள். உடனே மருமகன் போன் செய்தான். மூன்றாவது மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சுவரில் டொக் டொக்கென்று சத்தமாம், தங்கியிருப்பவர்கள் புகார் எழுதியிருக்கிறார்களாம், தண்ணீர்க் குழாயாக இருக்கும், பார்க்கச் சொன்னான்.

அந்தச் சுவரில் குழாயே கிடையாது. அதற்கு அந்தப் பக்கம் கண்டக்டரின் குளியலறை. அவர் கொடுத்துவைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

குளியலறைத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உதடுகள் வெடித்திருந்தன. கையில் தட்டிக்கொண்டிருந்த குவளை. தலையைத் தூக்கித் தண்ணீர் புகட்டினாள்.

"பேசாம இருன்னு அவங்களும் திருப்பித் தட்டினாங்கம்மா," என்றார்.

ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது பக்கத்து அறைக்காரன் ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். "உங்கப்பனா இருந்தா எடுப்பியாடா?" என்று கேட்டாள். பாஷை புரியாமல் அவன் சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவன் கால் பட்ட படியைத் துடைக்கவே அவளுக்குக் கூசியது.

கண்டக்டர் பிழைத்துக்கொண்டார். மாடி ஏற முடியாது என்பதால் மகள் தன்னோடு அழைத்துப் போய்விட்டாள். பத்தே நாளில் அந்த வீட்டுக்கும் வெள்ளையடித்து எண் பூட்டு மாட்டினான் மருமகன். இனி இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

"அவரு தட்டினப்ப அந்த ரூம்ல எத்தனை பேர் இருந்தாங்க?"

"ஆறு பேர். அவங்களுக்கு என்னக்கா தெரியும்? பாவம், ஊருக்குப் புதுசு."

அந்தப் பாவம் என்ற சொல்தான் அவளுக்குக் குமட்டியது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. போன மாதம் கண்டக்டரைப் பார்க்கப் போனாள்.

"என் வீட்ல இப்ப யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார்," என்றாள்.