கொலுசை வெட்டியவர்கள்

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கிருஷ்ணப்பனின் கை கியருக்குப் போகாது, பாட்டுப் பெட்டிக்குத்தான் போகும். பென்டிரைவை உருவி, சட்டையில் துடைத்து, ஒரு ஊது ஊதி மறுபடி சொருகுவார். பிறகு இடது காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்பார். மளிகைக் கடைத் தராசைப் பார்க்கும் ஆளின் முகம் அது.

தருமபுரியிலிருந்து இண்டூர் வழியாகப் பென்னாகரம் போகும் எட்டேகால் மணி தனியார் பஸ்ஸின் டிரைவர் அவர். இருபத்தொன்பது வருஷமாக என்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஓடு ஓடென்று ஓடிய பாடல்களைத் தவிர வேறெதுவும் அவர் வண்டியில் ஒலிக்காது. முன்னால் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு இந்தப் பாட்டுக்காக நிற்கிறவர்கள் உண்டு. ஒன்பது வருஷமாக நானும் அந்தக் கூட்டம்தான். எந்தப் பாட்டு எந்தத் தீபாவளிக்கு வந்தது, எந்த இடத்தில் புல்லாங்குழல் நின்று வயலின் எடுக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஆறு மாதமாகத்தான் இந்தச் சந்தேகம். "இந்தப் பாட்டுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னால ஒரு கொலுசுச் சத்தம் வரும் சார். இப்ப வர்றதில்லீங்க. எடுத்துட்டானுங்க" என்றார் ஒருநாள். பென்டிரைவில் பாட்டு ஏற்றித் தரும் செல்போன் கடை மாதேஷ் மேல்தான் பழி. "நெறைய பாட்டு ஏத்தோணும்னு அங்கங்க வெட்டிட்டான் சார். மொதல்ல கொலுசு, அப்புறம் குழலு. நாளைக்குப் பாடறவனையே வெட்டிடுவான்." மாதேஷோடு சண்டை போட்டுக் கடை மாற்றினார். மூன்றாவது கடைக்காரனும் இப்போது திருடன்தான்.

எனக்குக் கொலுசு நன்றாகவே கேட்டது. சொன்னேன். கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பழசு உங்க மனசுல ஓடுது சார். அதான் கேக்கற மாதிரி இருக்குது." அதற்குப் பிறகு ஒரு வாரம் என் வணக்கத்துக்குப் பதிலில்லை. மாதேஷ் எனக்கு ஏதோ வாங்கிக் கொடுத்துவிட்டான் என்றே நினைத்திருப்பார். காலை நேரத்தில் எதற்கு வம்பு என்று எட்டாம் நாள், "ஆமாங்க, கொலுசு வரலை" என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் குளிர்ந்துபோனார். அன்றிலிருந்து ஏறுகிறவர்களிடமெல்லாம், "சாரே சொல்றாரு, கேளுங்க" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார்.

லைசென்ஸ் புதுப்பிக்க அடுத்த மாதம் டாக்டர் சான்று வாங்க வேண்டும். கண்ணும் காதும் சரியாக இருந்தால்தான் கையெழுத்து. அந்தப் பேச்சை எடுத்தால், "அவனுங்க காசுக்குச் செய்யற வேல சார்" என்று டாக்டரையும் பட்டியலில் சேர்த்துவிடுவார்.

கண்டக்டர் முருகேஷ் கொஞ்ச நாளாக விசில் ஊதுவதோடு பஸ்ஸின் தகரத்திலும் தட்டிக்கொண்டிருந்தான். நான் கவனித்தேன், வாயைத் திறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை இண்டூரில் கீரை விற்கும் ராணியம்மாள் கூடையோடு இறங்கினார். ஒரு கால்தான் தரையில். வண்டி நகர்ந்தது. முருகேஷ் இரண்டு கையாலும் அந்த அம்மாளைப் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்த விசிலை ஊதினான். வண்டி நிற்கவில்லை. நாங்கள் கத்திய பிறகுதான் நின்றது. முழங்கால் சிராய்ப்போடு போயிற்று.

கிருஷ்ணப்பன் இறங்கி ஓடி வந்தார். "ஏன்டா விசிலு ஊதல?"

"மூணு வாட்டி ஊதனேங்ணா."

"பொய் சொல்லாத. இங்க குடு அத." பிடுங்கிக்கொண்டு படியில் ஏறி நின்று கன்னம் புடைக்க ஊதினார். "பாரு, வெறும் காத்துதான் வருது. கெட்டுப்போன விசில வெச்சிக்கிட்டு..."

பாதியில் நிறுத்தினார். பஸ் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தது. முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது.

விசிலைத் திருப்பிக் கொடுத்தார். தன் சீட்டில் போய் உட்கார்ந்து என்ஜினை அணைத்தார். பாட்டு மட்டும் ஓடியது. அதே பாட்டு, முதல் சரணம் முடிகிற இடம்.

"சார், கொலுசு வந்தா வெரலத் தூக்குங்க" என்றார். ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணாடியில் என்னையே பார்த்தார். தூக்காமலே இருந்து இன்னொரு பொய் சொல்ல எனக்கு ஆசை வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கீழே ராணியம்மாள் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார்.

கொலுசு வந்தது. விரலைத் தூக்கினேன்.

கிருஷ்ணப்பன் சாவியை உருவினார். பாட்டு நின்றது. எழுந்து வந்து, முருகேஷின் தோளில் தொங்கிய டிக்கெட் பையைத் திறந்து சாவியை உள்ளே போட்டார்.